மூன்றாவது ஹெட்போன்

அன்று சவரிமுத்து மாமா தகரம் தட்டினார். தட்டவில்லை என்று எங்கள் சரிவு முழுவதும் நம்புகிறது. அவர் பெற்ற மகள் நம்புகிறாள். ஏன், இப்போது அவரே நம்புகிறார்! அப்படி நம்ப வைத்தவன் நான்.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டிருக்கிறேன்; சின்னச் சின்னப் பாவங்களாகப் பொறுக்கிச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம்தான்... உங்களுக்கு என் முகம் தெரியாது. இதுவும் கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானலில் பஸ் போகும் சாலையிலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை கீழே இறங்குகிறது. பாதை தொடங்கும் இடத்தில், சோலைக்காட்டை ஒட்டி, சவரிமுத்து மாமாவின் வீடு. பாதி வழியில், வளைவில், என் வீடு. வளைவு தாண்டி ஓடைக்கரையில் நான்கு வீடுகள். அவற்றில் ஒன்று மாமாவின் மகள் ஜெனிட்டாவுடையது.

சோலையிலிருந்து காட்டுமாடு இறங்கினால் முதலில் பார்ப்பவர் மாமா. வாசலில் தொங்கும் எண்ணெய்த் தகரத்தை எடுத்துத் தட்டுவார். அந்தச் சத்தம் என் வீடு வரை வரும். அதற்குக் கீழே போகாது. ஓடையின் இரைச்சல் விழுங்கிவிடும். ஆகவே என் வீட்டில் இருப்பவர் எங்கள் தகரத்தை எடுத்துத் தட்ட வேண்டும். அதைக் கேட்டால் கீழ் வீட்டார் யாரும் பாதையில் ஏற மாட்டார்கள். போன் இல்லையா என்பீர்கள். எங்கள் சரிவில் வாசலில் கிடைக்கும் சிக்னல் அடுப்படியில் கிடைக்காது. பனி மூடிவிட்டால் எதிரே நிற்பது மாடா மரமா என்றும் தெரியாது. தகரம்தான் எங்களுக்குக் கண்.

நான் ஓட்டல்களுக்குக் கணினிப் பயிற்சி கொடுக்கிறவன். வாரத்துக்கு இரண்டு விமானம், சில வாரம் நான்கு. வத்தலக்குண்டு இறங்கி, மதுரை போய், அங்கிருந்து டெல்லியோ புவனேஸ்வரோ. போய் இறங்கும்போது எஞ்சின் இரைச்சல் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும். இடது காதில் ஒரு ரீங்காரம். ஓட்டல் அறையில் படுத்தாலும் விமானம் பறந்துகொண்டே இருக்கும்! வெளிச்சத்தம் கேட்காமல் செய்யும் ஹெட்போன் வாங்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள்.

நான் எதையும் சும்மா வாங்குகிறவன் அல்ல. மூன்றை வரவழைத்தேன், ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பி அனுப்புவதாகத் திட்டம். என் மூக்குக்கண்ணாடிக் காம்பின் மேல் எது அழுத்துகிறது, மூன்று மணி நேரம் போட்டால் எதில் காது வேகிறது, எது மடங்கிப் பைக்குள் அடங்குகிறது என்று நோட்டில் குறித்தேன். விமான இரைச்சலுக்குப் பதிலாக மிக்ஸி. பள்ளியில் வேலை பார்க்கும் என் மனைவி ரீட்டா மிக்ஸியை ஓடவிட, நான் அடுப்படி நடுவில் காதை மூடிக்கொண்டு நின்றேன்.

"மூணு ஹெட்போனுக்கு மூணு சட்னி அரைச்சாச்சு. இன்னைக்கு இட்லி மட்டும் ஒண்ணுதான்," என்றாள்.

மூன்றும் மிக்ஸியை அமுக்கிவிட்டன. ஆனால் இடைவிடாத இரைச்சலை அமுக்குவது எளிது, சுரீரென்று எழும் சத்தம்தான் உள்ளே வரும் என்று எங்கோ படித்திருந்தேன். விமானத்தில் குழந்தை வீரிட்டால்? பக்கத்து இருக்கைக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தால்? அதற்கும் ஒரு சோதனை வேண்டும். எனக்குத் தோன்றிய யோசனையைப் பாருங்கள்... நேரே சவரிமுத்து மாமாவிடம் போனேன். கொஞ்ச நேரம் தகரம் தட்டச் சொன்னேன்.

மாமா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தகரத்தை விளையாட்டுக்குத் தட்டுவது எங்கள் சரிவில் வழக்கமில்லை. முதலில் ஓடைக்கரை வரை இறங்கிப் போனார். நான்கு வீட்டு வாசலிலும் நின்று, "இப்பத் தட்டப் போறது சும்மா. மாடு கீடு ஒண்ணும் இல்ல, தம்பி காதுக்கு ஏதோ பாக்குதாம்," என்று சொல்லிவிட்டு, மூச்சிரைக்க மறுபடி மேலேறிப் போய்த் தட்டினார். அப்படிப்பட்ட மனிதர் அவர்.

முதல் ஹெட்போனில், அடுத்த அறையில் கரண்டி விழுந்ததுபோலக் கேட்டது. இரண்டாவதில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்றாவதைப் போட்டு, பாட்டை மெல்ல வைத்தேன். ஒன்றுமே இல்லை! தட்டுவதை நிறுத்திவிட்டாரோ என்று மேலே பார்த்தேன். நிறுத்தவில்லை. வாசல் சுவரோரம் நின்று, முழுப் பலத்தோடு தட்டிக்கொண்டிருந்தார். கை ஏறுகிறது, இறங்குகிறது. சத்தம் மட்டும் வரவில்லை.

அதைத்தான் எடுத்துக்கொண்டேன்! 'தகரம் கேட்கவில்லை' என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மாமா இறங்கி வந்து அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிளேனுக்கு நல்லாருக்கும் தம்பி. இங்க வீட்ல போடாத, என்ன? ரீட்டா பிள்ள பள்ளிக்கூடம் போயிட்டா நீ ஒத்த ஆளுதான் கெடக்க."

"இங்க எதுக்கு மாமா போடப்போறேன்!" என்றேன். அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

முதல் பயணத்திலேயே எனக்குச் சொர்க்கம் கிடைத்தது. எஞ்சின் இல்லை, அறிவிப்பு இல்லை, மனிதர்களே இல்லை. அப்புறம் வீட்டிலும் போட்டேன். முதலில் ஒலிப்பதிவுப் பாடங்களைத் திருத்துவதற்காக, அப்புறம் சும்மா. அமைதிக்கும் நாக்கு ருசி கண்டுவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை. ரீட்டா வெள்ளனே பள்ளிக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கே பனி இறங்கி, சன்னலுக்கு வெளியே வேலிகூடத் தெரியவில்லை. பாடத்தைத் திருத்தி முடித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. செய்ய வேண்டிய சோலி எதுவும் இல்லை. ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம்... கழற்றவில்லை. சுகமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் நாய் வாசற்படியில் நின்றது. மேலே பார்த்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. குரைக்கிறது என்று தெரிந்தது. எதற்குக் குரைக்கிறது என்று கேட்டுக்கொள்ள எனக்கு மனமில்லை. நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

டீ போட எழுந்தபோதுதான் கழற்றினேன். ஓலம் கேட்டது. பாதையிலிருந்து... பெண் குரல்.

ஜெனிட்டா ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தாள். ஒன்பது மணி பஸ்ஸுக்குப் பாதை ஏறி வந்திருக்கிறாள். என் வீட்டுக்குச் சற்றுக் கீழே, பனிக்குள், பாதையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது மாடு. ஒற்றைக் கடா. அவள் அதன் மேல் மோதுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் பார்த்திருக்கிறாள். அவளைக் கேரட் தோட்டத்துக் கல் சுவரில் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கிறது. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கினோம். நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன்! அவள் அழவில்லை. "அப்பா தட்டலயா... அப்பா தட்டலயா..." என்று அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். கீழே தகரச் சத்தம் எதுவும் வந்திருக்கவில்லை.

அவளை ஏற்றிக்கொண்டு ஜீப் போன பிறகு சாலையில் எல்லோரும் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஏன் தட்டவில்லை என்று கேட்டார்கள்.

"தட்டுனேனே! ரெண்டு வாட்டி தட்டுனேன்! கை வலிக்கத் தட்டுனேனே!"

அவருக்குக் கை நடுங்கியது, நாக்குக் குழறியது. பயத்தில் யாருக்கும் நடுங்கும். ஆனால் மாமா ஒரு காலத்தில் மோசமாகக் குடித்தவர். ஜெனிட்டாவின் சின்ன வயதெல்லாம் அந்தக் குடியில்தான் கழிந்தது. மாதா கோயிலில் சத்தியம் செய்து விட்டுவிட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாக் கண்களும் என் பக்கம் திரும்பின. நடு வீடு என்னுடையது அல்லவா?

"எனக்குக் கேக்கலையே..." என்றேன்.

ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. கவனித்தீர்களா? எனக்குக் கேட்கவில்லை. உண்மையை வைத்தே ஒரு மனிதனைக் கொல்ல முடியும் என்பதை அன்று நடுச்சாலையில் நின்று செய்து காட்டினேன். மாமா என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார்.

மாலையில் ரீட்டா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசை மேல் கிடந்த ஹெட்போனைப் பார்த்தாள்.

"அப்ப அது உங்க காதுல இல்லைல்ல?"

"இல்ல."

இது பொய். கலப்படமில்லாத பொய். மறுபடி அவள் கேட்கவே இல்லை. நம்பினாளா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாளா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை.

ஜெனிட்டாவுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. மதுரையில் இரண்டு முறை அறுத்தார்கள். இப்போது நடக்கிறாள், ஆனால் பாதை ஏற முடியாது. எங்கள் சரிவில் பாதை ஏற முடியாதவள் எங்கும் போக முடியாது. விடுதி வேலை போயிற்று. சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தாருக்குப் பூண்டு உரித்துக் கொடுக்கிறாள். வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒருமுறை பார்க்கப் போனேன். பாதிப் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஊரே சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேண்ணே. எங்கப்பா எனக்குன்னா தட்டாம இருப்பாரான்னுதான் நெனச்சிருப்பேன். நீங்க சொல்லவும்தான் நம்புனேன். நல்லவேள, உண்மையச் சொன்னீங்க."

எனக்கு நன்றி சொன்னாள்! அவள் கொடுத்த காப்பியைக் குடித்தேன். சொட்டு விடாமல் குடித்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஆள் மூலம் கொடுத்தனுப்பும் ஆரஞ்சும் முட்டையும் அப்படியே மேலே திரும்பிப் போகின்றன. என் வாசல் வழியாகத்தான் போகின்றன.

இன்னும் பெரியது இருக்கிறது. விபத்து நடந்து மூன்றாவது வாரம் மாமா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நான் தட்டுனேன்னுதான் எனக்கு ஞாவகம். தகரத்துல கை பட்டது, தட்டுற கட்ட வழுக்குனது, எல்லாம் ஞாவகம் இருக்கு. ஆனா குடிச்ச காலத்துல, செய்யாததச் செஞ்சேன்னு எத்தனையோ வாட்டி சாதிச்சிருக்கேன். நீ பொய் சொல்ற பிள்ள இல்ல. அப்ப... நான் தட்டலதான் போல. என்ன தம்பி?"

மேசை மேல் ஹெட்போன் கிடந்தது. மறைக்கக்கூட இல்லை. அவர் அதைப் பார்த்தார்.

"பிளேனுக்கு எடுத்துட்டுப் போகலையா?"

"நாளைக்குத்தான் மாமா."

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

தலையாட்டிவிட்டுப் பாதை ஏறிப் போனார். தெரிந்து கேட்டாரா? தெரியாமல் கேட்டாரா? நானாக வாய் திறக்க எனக்குக் கொடுத்த வாய்ப்பா அது? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அவர் முதுகு பனியில் மறையும் வரை வாசலில் நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? முதல் நாள் பயம். மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். ஒவ்வொரு நாளும் முந்தின நாளையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது. இப்போது தூக்கவே முடியாத கனம்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அலுவலகத்தில் யார் ஹெட்போன் வாங்கினாலும் என்னைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு மெத்தை மிருதுவாக இருக்க வேண்டும், மலிவானதில் மூன்றாவது மணி நேரம் தலை வலிக்கும் என்று நானும் அக்கறையாகச் சொல்கிறேன். வீட்டில் போடாதீர்கள் என்று சொல்ல மட்டும் வாய் வருவதில்லை. எனக்கு ஒருவர் சொன்னாரே... கேட்டேனா?

அதை உடைத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இன்றும் விமானத்தில் அதைத்தான் போடுகிறேன். நாளை மதியம் மதுரையில் விமானம், பையில் வைத்தாகிவிட்டது.

மாமா இப்போது தினமும் காலையில் தகரம் தட்டுகிறார். மாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழு மணிக்கு மூன்று தட்டு; அதை யாரும் மாடு என்று எடுத்துக்கொள்வதில்லை. தன் கையை அவர் நம்புவதில்லை. யாராவது கேட்டேன் என்று சொல்ல வேண்டும். தட்டிவிட்டு, சுவரோரம் நின்று, என் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"கேட்டுச்சா தம்பி?"

நான் வெறும் காதோடு வாசலுக்கு வருகிறேன். என் தகரத்தை எடுத்துக் கீழ்ப்பக்கம் பார்த்து மூன்று தட்டுத் தட்டுகிறேன். ஓடைக்கரையில் ஜெனிட்டா சன்னலைச் சாத்துகிறாள். அவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

"கேட்டுச்சு மாமா," என்கிறேன்.

அன்றைக்கும் தட்டினீங்க மாமா என்று இன்னும் ஒரு வரி சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலையும் வாயைத் திறக்கிறேன். அதற்குள் அவர் தகரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "சரி தம்பி, சோலியப் பாரு," என்று உள்ளே போய்விடுகிறார்.