அப்பாவின் இரண்டாவது கைரேகை

ஒடுகத்தூரில் குடை போட்டு சிம் விற்பவன் நம் மலைக்காரர்களின் கைரேகையைத் திருடுகிறான்.

இன்று அப்பாவுக்கு ஒரு சிம் வாங்கப் போனோம். புளி தட்டித் தட்டி அவர் விரல் தேய்ந்துபோயிருக்கிறது. ரேஷன் கடையிலேயே பல தடவை வைத்தால்தான் மெஷின் ஏற்கும். அதனால் அவன், "விழல பெருசு, இன்னொரு வாட்டி வை" என்றதும் மறுபேச்சில்லாமல் விரலை நீட்டினார். நானும் சும்மாதான் நின்றேன்.

பின்னால் வரிசையில் நின்ற யாரோ ஒரு அக்கா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"வைக்காதீங்க பெரிப்பா! மொத வாட்டியே பச்சை டிக் வந்துடுச்சு, நான் பாத்தேன். இப்டித்தான் எங்க வூட்டுக்காரு பேர்ல இன்னொரு சிம் எடுத்து, எவனோ ஊரை ஏமாத்தி, போலீசு எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சு."

"இன்னாக்கா, யாவாரத்த கெடுக்கிற?"

"ஒன் வெரல வெச்சு யாவாரம் பண்ணுடா."

மலை பஸ் வந்ததும் அந்த அக்கா ஓடிப்போய் ஏறிக்கொண்டார். பேர்கூடக் கேட்கவில்லை. அக்கா, இன்று அப்பா நிம்மதியாகத் தூங்குவது உங்களால்தான். யாருக்காவது அவரைத் தெரிந்தால் என் நன்றியைச் சொல்லுங்கள்.

பஸ் போனபின் அவனிடம் கேட்டேன்: "அந்த ரெண்டாவது ரேகைல எடுக்க இருந்த சிம் யாருக்கு? சொல்லு."

"அடுத்து யாருப்பா, வாங்க" என்றான்.