சிவமலர் நம்பாத ஓகே

சிவமலர் யாரையும் லேசில் நம்ப மாட்டாள். மீன்காரர் "இப்பத்தான் வந்த மீனு" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கோயிலில் ஐயர் "அர்ச்சனை ஆச்சும்மா" என்றால், தன் நட்சத்திரத்தைச் சொன்னாரா என்று நின்று கேட்பாள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவளைத் தெரிந்தவர்கள், "சிவமலர்கிட்ட மணி கேட்டா ரெண்டு கடிகாரத்தைப் பாத்துட்டுத்தான் சொல்லும்" என்று சிரிப்பார்கள்.

குறை சொல்வதற்கில்லை. அவள் பார்த்த வேலை அப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த ரயில்வே கிளார்க் சண்முகரத்தினத்தின் மூத்த மகள், எழுபத்து நாலாம் வருடம் இருபத்திரண்டு வயதில் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் டெலக்ஸ் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி. முதலாளி சாத்தப்பன், செட்டியார் வீட்டுப் பிள்ளை.

இங்கே தட்டினால் கடல் தாண்டித் தாளில் அடிக்கிற டெலக்ஸ் யோக்கியமான மெஷின். செய்தி போகவில்லை என்றால் ஏன் போகவில்லை என்று இரண்டு மூன்று எழுத்தில் அடித்துக் காட்டிவிடும். ஓ.சி.சி. என்றால் எதிர்முனை வேலையாக இருக்கிறது. ஏ.பி.எஸ். என்றால் ஆபீஸ் பூட்டியிருக்கிறது. டி.இ.ஆர். என்றால் அங்கே மெஷின் கெட்டுக் கிடக்கிறது. என்.ஏ. என்றால் உனக்கு இங்கே அனுமதி இல்லை. மெட்ராஸோ ரோட்டர்டாமோ, எல்லா ஊருக்கும் இதே எழுத்துதான். போதாததற்கு, செய்தி முடிந்ததும் சிவமலர் "நீ யார்?" என்று கேட்கிற விசையை இன்னொரு தடவை தட்டுவாள். எதிர்முனை மெஷின் தன் பெயரைத் தானே அடித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் வராமல் தேத்தண்ணி குடிக்கக்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

இப்படி இருந்த மனுஷியிடம்தான் தொண்ணூற்றெட்டில் ஜெயராஜ் வந்து சேர்ந்தான். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதிக் கொடுக்க வந்த பையன். அவன் எழுதிய திரையில் விவரத்தை நிரப்பி ஒரு பொத்தானை அழுத்தினால், அது டெலிபோன் லைன் வழியாகக் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகும். பச்சை வட்டம் வந்து "ஓகே" என்று காட்டும்.

"போகலேன்னா என்ன காட்டும்?" என்று சிவமலர் கேட்டாள்.

"சிவப்பு வரும்கா."

"ஏன் போகலேன்னு சொல்லுமா?"

"அதெல்லாம் யூசருக்கு வேணாம்கா. கன்ஃபியூஸ் ஆயிடுவீங்க லா."

அந்த நிமிடமே அவளுக்கு அவனைப் பிடிக்காமல் போயிற்று. காரணம் சொல்லாத மெஷினும் காரணம் சொல்லாத புருஷனும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. இரண்டாவதை அவள் கட்டிக்கொண்டதே இல்லை. அன்று முதல் தன்னுடைய ஒவ்வொரு புக்கிங்குக்கும் பச்சை வந்த பிறகு கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டு, வந்து சேர்ந்ததா என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் காமாட்சி. இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். லோரி ஓட்டிய கணவன் இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதமாகப் படுக்கையில். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஐஸ் இறாலும் மீனும் அனுப்புகிறவர்கள் அவள் பொறுப்பு. குளிரூட்டிய கொண்டெய்னர் எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். காமாட்சி பச்சையைப் பார்ப்பாள், அடுத்த வேலைக்குப் போவாள். நம்பிக்கைக்காரி.

ஜெயராஜின் திரை வந்த மாதமே அவள் போட்ட மூன்று இறால் புக்கிங்கும் காணாமல் போயின. கொண்டெய்னர் துறைமுகத்துக்குப் போனால், "உங்க பேருல இடமே இல்லையே" என்கிறான் கப்பல்காரன். இறால்காரர் தம்புசாமி ஆபீஸுக்கே வந்து நாற்காலியை உதைத்துவிட்டுப் போனார். சாத்தப்பன் கண்ணாடி அறைக்குள் சிவமலரைக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள மேசைல மட்டும் ஏன் இப்படி ஆவுது? நீ பக்கத்துல இருக்க. என்ன நெனைக்கிற?"

சிவமலர் பல நாளாகவே நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். காமாட்சியின் கொழுந்தன் எதிர்வரிசையில் இருக்கிற போட்டிக் கம்பெனியில் வேலை செய்கிறான். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னால் காமாட்சி கீழே இறங்கிப் பொது டெலிபோனில் யாரிடமோ குசுகுசுவென்று பேசுகிறாள். போன வாரம் புதுக் கைப்பை. எல்லாருக்கும் பச்சை வருகிறது, அவளுக்கும் பச்சை வருகிறது, அவள் சரக்குக்கு மட்டும் இடம் போய்விடுகிறது என்றால், போன பிறகு யாரோ ரத்து செய்து அந்த இடத்தை விற்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? கணக்கு அழகாகக் கூடி வந்தது. சந்தேகத்தில் இருக்கிற ருசியே அதுதான்.

"எனக்கென்னமோ அந்தப் பிள்ளைமேல சந்தேகமா இருக்கு, முதலாளி" என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காமாட்சியை நிறுத்திவிட்டார்கள். திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் பையைத் திறந்து பார்த்துத்தான் அனுப்பினார்கள். போவதற்கு முன் அவள் சிவமலரின் மேசைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீங்களாவது என்னைய நம்புறீங்களாக்கா?"

"நம்புறேன் லா" என்றாள் சிவமலர், கீபோர்டைப் பார்த்துக்கொண்டே.

பத்து நாள் கழித்து தம்புசாமியின் அடுத்த இறால் சிவமலரின் தலையில் விழுந்தது. நிரப்பினாள், அழுத்தினாள், பச்சை வந்தது. வழக்கம்போல் போன் போட்டாள்.

"அப்படி எந்த புக்கிங்கும் வரலையே மேடம்" என்றது எதிர்முனை.

சிவமலர் நிரப்பிய விவரத்தை ஒரு தடவை சரிபார்த்தாள். மறுபடி அனுப்பினாள். மறுபடி பச்சை. மறுபடி போன். வரவில்லை. காமாட்சி இங்கே இல்லை. அப்படியானால் இந்த இடத்தை விற்றது யார்?

ஜெயராஜை வரச் சொன்னாள். "கப்பல் கம்பெனி திருப்பி அனுப்புற பதிலை அப்படியே பிரிண்ட் எடு. உன் பச்சை வட்டம் எனக்கு வேணாம்."

தாள் வந்தது. மேலே "200, ஓகே" என்று ஆங்கிலத்தில். அதற்கு ஏழு வரி கீழே பொடி எழுத்தில், "புக்கிங் ஏற்கப்படவில்லை. கொண்டெய்னரின் குளிர் அளவு கொடுக்கப்படவில்லை." ஜெயராஜின் திரையில் குளிர் அளவு நிரப்ப இடமே கிடையாது. மற்றவர்கள் சரக்குக்கு அது தேவையும் இல்லை, காமாட்சியின் சரக்குக்கு மட்டுந்தான் தேவை.

"நீ இதப் படிக்கலையா?"

"ப்ரோக்ராம் நம்பர மட்டுந்தான்கா பாக்கும். 200-ன்னா சக்சஸ். உலகம் பூரா அதான் ஸ்டாண்டர்ட். நாம அனுப்பினதுல தப்புன்னா நாலுல ஆரம்பிக்கிற நம்பர் வரணும், அவங்க மெஷின்ல தப்புன்னா அஞ்சுல. இவங்க எல்லாத்துக்கும் 200 போட்டு, தப்ப உள்ள எழுதி அனுப்பியிருக்காங்க. டெக்னிக்கலா பாத்தா அது போய்ச் சேந்துச்சு லாக்கா, பதிலும் வந்துச்சு."

"பொண்ணு கேட்டுப் போனேன், கதவைத் திறந்து 'போய்யா'ன்னு சொன்னாங்க, அதனால கல்யாணம் முடிஞ்சிருச்சுன்னு சொல்றியா?"

ஜெயராஜ் தலையைச் சொறிந்தான். அவனைத் திட்டத் திட்ட சிவமலருக்குத் தன்மேல்தான் ஆத்திரம் ஏறியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முதல் நாளே மெஷினைச் சந்தேகப்பட்டவள் அவள். தன் சரக்குக்கெல்லாம் போன் போட்டவள், காமாட்சியின் சரக்குக்கு ஒரே ஒரு தடவை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாகக் கைப்பையைப் பார்த்தாள்.

சாத்தப்பன் தாளைப் படித்துவிட்டு மடித்தார். "சரி, ப்ரோக்ராம மாத்திக்கலாம். அந்தப் புள்ளைதான் போயிருச்சே. இத ஏன் கிளறிக்கிட்டு?"

"லெட்டர் வேணும் முதலாளி. என்ன தப்பு, யார் தப்புன்னு எழுதி உங்க கையெழுத்தோட. வேலையையும் திருப்பிக் குடுக்கணும். இல்லாட்டி தம்புசாமிகிட்ட இந்தத் தாளை நானே குடுப்பேன்."

இருபத்து நாலு வருடத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. கையெழுத்து விழுந்தது. லெட்டரை அவளே அடித்திருந்தாள். "தவறு ப்ரோக்ராமில். காமாட்சிமீது சந்தேகம் சொன்னது சிவமலர்" என்ற வரியையும் சேர்த்துத்தான்.

ஞாயிறு காலை தெலுக் பங்லிமா காராங்குக்குப் பஸ் ஏறினாள். வரிசை வீடு. வாசலில் கட்டிலைப் போட்டுக் கணவன் படுத்திருந்தான். காமாட்சி கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். அவள் லெட்டர் படிக்கிற நேரத்தில் கணவன் பேச்சுக் கொடுத்தான்.

"ஆபீஸ்ல இருந்தப்போ டெய்லி பன்னெண்டரைக்கு எனக்குப் போன் பண்ணும், ஆன்டி. மருந்து சாப்ட்டியான்னு. இப்ப ஃபேக்டரில விட மாட்றாங்க."

சிவமலர் தரையைப் பார்த்தாள்.

காமாட்சி லெட்டரை மடித்தாள். "நீங்களாக்கா சொன்னீங்க?"

"நான்தான். பெரிய தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிரு பிள்ளை."

காமாட்சி சிரித்தாள். ஆபீஸில் கஸ்டமரிடம் சிரிக்கிற சிரிப்பு. "ஓகே லாக்கா. முடிஞ்சது முடிஞ்சிருச்சு. தேத்தண்ணி கலக்கட்டா?"

பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்த ஓகேயை வாங்கிக்கொண்டு சிவமலர் எழுந்து போயிருக்கலாம். அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

"காமாட்சி, இன்னொரு தடவை கேக்குறேன். நெஜமாவே ஓகேயா?"

சிரிப்பு போய்விட்டது. "இல்லக்கா. முதலாளி, ஜெயராஜ் எல்லாரையும் விட்டுருவேன். அன்னிக்கு நான் கேட்டது உங்ககிட்ட மட்டுந்தான். நம்புறேன்னு சொன்னீங்க. வேலைக்கு வரேன், புள்ளைங்க சாப்பிடணும். ஆனா உங்க பக்கத்துல உக்கார முடியாது."

"சரிம்மா. சொன்னியே, அது போதும்" என்றாள் சிவமலர். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கிள்ளான் வரைக்கும் அழுதாள்.

திங்கட்கிழமை காமாட்சி வருவதற்குள் தன் மேசையை அவளே ஃபைல் அறைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். காமாட்சி இப்போதெல்லாம் பச்சையை நம்புவதில்லை. ஒவ்வொரு புக்கிங்குக்கும் போன் போட்டுக் கேட்கிறாள். சிவமலர் அந்தப் பக்கத்திலிருந்து, "காமாட்சி, முதலாளி கூப்பிடுறாரு" என்று குரல் கொடுத்தால், காமாட்சி உடனே எழுந்திருக்க மாட்டாள். வேறு யாரையாவது பார்த்து, "கூப்பிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டு பிறகுதான் எழுந்திருப்பாள்.