பணகுடி விலாசம்

கழக்கூட்டத்துப் பக்கம் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் ரத்னாபாய் நர்ஸாக இருந்தாள். ஆரல்வாய்மொழிக்காரி, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து இருபத்திரண்டு வருஷம். கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் யார் வந்தாலும் ரத்னாபாய் சிஸ்டரைக் கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தமிழ் தெரிந்தால் தமிழர்களையும் தெரியும் என்று நினைக்கிற ரகம்.

2009 ஆவணியில் பன்றிக் காய்ச்சல் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு இங்கேயும் வந்தது. விமான நிலையத்தில் மேஜை போட்டார்கள். துபாயிலிருந்து இறங்கியவர்களைத் தினமும் போனில் விசாரித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ரயிலில் வந்து தகரக் கொட்டகையில் தங்குகிறவர்களின் நினைப்புதான் யாருக்கும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை கௌசல்யா வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி, நல்ல காய்ச்சல், விடாத இருமல். கூடவே கணவன் உச்சிமாகாளி, கொத்தனார். தொண்டையில் சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பவேண்டும். முடிவு வந்தால்தான் மாத்திரை. ரத்னாபாய் படிவத்தை எடுத்தாள்.

"எந்த ஊரு?"

"பணகுடி, அக்கா."

"அட, நம்ம பக்கமா? இப்ப அங்க காத்து எப்படி?"

"ஆளைத் தூக்குது."

காற்றைப் பற்றிப் பேசினார்கள், கிணறு வற்றியதைப் பற்றிப் பேசினார்கள். பணகுடி வீட்டின் கதவு எண் வரை அழகாகப் படிவத்தில் ஏறியது. இங்கே எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. கட்டடம் முடிந்தால் பிரித்துப் போடுகிற கொட்டகையை யாராவது விலாசம் என்று சொல்வார்களா?

புதன்கிழமை முடிவு வந்தது. கௌசல்யாவுக்கு அதே காய்ச்சல்தான். தொடர்புக்கென்று படிவத்தில் கொடுத்திருந்த, உச்சிமாகாளி வேலை பார்க்கும் மேஸ்திரியின் செல்போன் அணைந்து கிடந்தது. விலாசம் பணகுடி என்பதால் தாள் முறைப்படி திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போனது. அங்கிருந்து ஒருவர் பணகுடிக்குப் போய் மாமியாரைப் பார்த்துவிட்டு, ஆள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார் என்று வெள்ளிக்கிழமை பதில் சொன்னார்.

ரத்னாபாய் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாள். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினாள். "பணகுடி உச்சிமாகாளி உண்டா?" என்று தெரிந்தவன், தெரியாதவன் எல்லாரிடமும் கேட்டாள். பதினோராவது இடத்தில், சனிக்கிழமை மத்தியானம், ஒரு சித்தாள் பின்பக்கம் கைகாட்டினாள்.

கௌசல்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். உதடு கறுத்திருந்தது. பையிலிருந்த மாத்திரைக்கு நேரம் தாண்டிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. பத்தாம் நாள் கௌசல்யா பிழைத்துக்கொள்வாள் என்றார்கள்.

அதற்குள் அறிக்கை தயாராகிவிட்டது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் பத்மகுமார் நல்ல மனுஷன். யாருக்கும் தொந்தரவு வராமல் எழுதத் தெரிந்தவர். நோயாளி தவறான விலாசம் தந்ததால் தாமதம் என்று ஒரே வரியில் முடித்திருந்தார்.

"சிஸ்டரே, ஒப்பு மட்டும் போட்டால் மதி" என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

"அவ சரியான விலாசம்தான் தந்தா சாரே. நான்தான் இங்க எங்க இருக்கான்னு கேக்கல."

"அதெல்லாம் எழுதினால் மெமோ வரும்."

"வரட்டும்."

எழுதினாள். மெமோவும் வந்தது. பின்னாலேயே, படிவத்தில் ‘நேற்றிரவு எங்கே படுத்தீர்கள்’ என்று புதிதாக ஒரு கேள்வியும் வந்தது. அதற்கு யாரும் அவளைப் பாராட்டவில்லை. பாராட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியாது.

பன்னிரண்டாம் நாள், கௌசல்யாவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று வார்டுக்குப் போனாள். கட்டிலருகே நின்றபடியே சொன்னாள்: "தப்பு என் மேலதான் கௌசல்யா. நீங்க இருக்க இடத்தை நான் கேட்டு எழுதியிருக்கணும்."

கௌசல்யா கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பும் இல்லை.

"அதுக்கில்லக்கா. மாத்திரை நானே கொண்டாந்து தாரேன், அதுவரைக்கும் எங்கயும் அலையாதன்னு சொன்னியல்லா. இவுக வேற ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாக. நம்ம ஊரு அக்கா சொல்லியிருக்காவன்னு நான்தான் போகல."

ரத்னாபாய்க்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று வருகிற எல்லாரிடமும் சொல்வதுதான்.