மாமா அனுப்பிய கற்கள்

கோத்தா திங்கி அருவிக்கு ஒருநாள் போய்வரலாம் என்று வீட்டில் பிள்ளைகள் பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அம்மாவுக்குத் தண்ணீரென்றால் பயம் என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். எனக்குத் தண்ணீரில் பயமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த அருவியை நான் இதுவரை பார்த்ததில்லை, இனிமேல் பார்ப்பதாகவும் இல்லை, அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் ஜொகூர் ஆற்றங்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஏழோ எட்டோ வயது. லயத்துக் கூலி வீட்டு வரிசையில் எங்கள் வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. கித்தா என்கிற ரப்பரின் விலை அடியோடு விழுந்துபோய், பாதிக் காட்டைப் பால் வெட்டாமல் போட்டு வைத்திருந்த காலம் அது. வேலையில்லாதவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தையின் புருஷனான எங்கள் மாமாவின் பெயரையும் அடித்துவிட்டார்கள். ஊருக்குப் போய் மண்ணைத் தின்பதா என்று கேட்டுவிட்டு அவர் கப்பலேற மறுத்தார். ஆற்றுக்கு மேலே, கோத்தா திங்கியையும் தாண்டி, சீனர்கள் நடத்திய, லம்பம் என்று சொல்கிற ஓர் ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டப் போனார். வயிற்றில் பிள்ளையோடு இருந்த அத்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அதற்கு முன்னால் அத்தைக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை.

அந்த லம்பத்துக்குப் பக்கத்தில்தான் அருவி இருந்தது. சிங்கப்பூரிலிருந்து துரைமார்கள் மோட்டாரில் வந்து பார்த்துவிட்டுப் போகிற அருவி. மாமாவோ தினமும் வேலை முடிந்து அதில்தான் சேற்றைக் கழுவிக்கொண்டு வருவாராம். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அதைப் பற்றியே பேசித் தீர்த்தார். ஆடிப்பெருக்குக்கு நாங்கள் எல்லோரும் படகில் கோத்தா திங்கிக்கு வந்துவிட வேண்டியது. அவர் படகுத்துறையில் காத்திருந்து, லம்பத்துக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாரியில் எங்களை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போவார். இதுதான் ஏற்பாடு. செலவைப் பற்றி அப்பா ஏதோ முனகியதற்கு மாமா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"கப்பலேறி வந்ததிலேருந்து வேலைக்குன்னுதான் எல்லா எடத்துக்கும் போயிருக்கோம் மச்சான். சும்மா பாத்துட்டு வர்றதுக்குன்னு ஒருதரமாவது எங்கயாவது போவோம்லா."

அன்றிலிருந்து அத்தைக்கும் எனக்கும் வேறு பேச்சே இல்லை. படகில் யார் எங்கே உட்காருவது என்று தரையில் கரிக்கட்டியால் படகு வரைந்து பார்த்தோம். அத்தை நடுவில், ஆட்டம் இல்லாத இடத்தில். நான் முன்னால். அப்பாவைப் பின்னால் தள்ளிவிட்டோம், சுருட்டுப் புகை எங்கள் மேல் வராமல் இருக்க. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச்சோறு மூன்றும் கட்டுவதாக முடிவாயிற்று. தயிர்ச்சோறு வெயிலில் புளித்துப்போகும் என்று அம்மா சொல்ல, மாமாவுக்குத் தயிர்ச்சோறு இல்லாமல் ஆடிப்பெருக்கா என்று அத்தை சண்டைக்குப் போனாள். அருவிக்கரையில் வைத்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய பெரிய ஆசை. ஊரில் இருந்தால் காவிரியில் மாற்றியிருப்பாளாம். இங்கே அருவியாவது இருக்கட்டும் என்றாள்.

வாரம் ஒருமுறை எங்கள் துறைக்கு ஒரு மலாய்க்காரரின் சம்பான் படகு வரும். அவர் அத்தையை 'அடேக்' என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி மாதிரி. அத்தை மாமாவுக்கென்று அவரிடம் ஒரு பிஸ்கோத்து டின்னில் ஊறுகாயும் முறுக்கும் வறுத்த நெத்திலியும் வைத்துக் கொடுத்தனுப்புவாள். அடுத்த வாரம் டின் திரும்பி வரும். கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் வழக்கம் இல்லையா, ஒரு கல் உப்பாவது போட்டுக் கொடுப்போம். லம்பத்துக் கூலிக் கொட்டகையில் மாமாவிடம் உப்புக்கே வழியில்லை போலிருக்கிறது. அவர் அருவியிலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி, ஈரம் காயாமல் காட்டு இலையில் சுற்றி, டின்னில் போட்டு அனுப்புவார். கறுப்புக் கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருக்கும். அவை எனக்கு. அத்தை ஒவ்வொன்றையும் முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தருவாள். சில்லென்று இருக்கிறது பார் என்பாள். நான் அவற்றை வைத்து அஞ்சாங்கல் ஆடுவேன்.

ஆனி மாதத்தில் விடாத மழை பெய்தது. லம்பத்தில் மண் சரிந்து மாமா உள்ளே போய்விட்டார். இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும் என்றாலும், உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். படகுக்காரர்தான் வந்து, அப்பாவைத் தனியே கூப்பிட்டு, ரப்பர்க் காட்டுக்குள் வைத்துச் சொன்னாராம். உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். அப்பா லயத்துக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னார். அத்தைக்கு அப்போது மாதம் ஏழு. இந்தச் செய்தி காதில் விழுந்தால் இந்தப் பிள்ளையும் தங்காது, ஒருவேளை அத்தையே தங்கமாட்டாள் என்று இருவரும் பயந்தார்கள். பிள்ளை பிறக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவர்கள் திடீரென்று என் அருவியைக் கெடுக்கக் கிளம்பிவிட்டார்கள் என்பதுதான். படகில் ஓட்டை என்றார் அப்பா. நான் துறைக்குப் போய்ப் பார்த்தேன், ஓட்டையும் இல்லை ஒன்றும் இல்லை. ஆற்றில் முதலை என்றார். முதலை நேற்றா வந்தது? அம்மாவோ, வயிற்றுப்பிள்ளைக்காரி ஆற்றைத் தாண்டக்கூடாது என்று ஆரம்பித்தாள். அதற்கு அத்தை, நாம் எங்கே அண்ணி தாண்டுகிறோம், அதோடு கூடவேதானே போகப்போகிறோம் என்று சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விறகு எடுக்கப் போய்விட்டாள். அம்மாவுக்கு எங்கள் மேல் பொறாமை என்று நான் முடிவு கட்டினேன்.

டின் போவதை நிறுத்தினால் அத்தை கேள்வி கேட்பாள். ஆகவே டின்னை வழக்கம்போல வாங்கிக்கொண்டு போகும்படி அப்பா படகுக்காரரைக் கெஞ்சியிருக்கிறார். அந்தத் தின்பண்டங்களைத் தின்ன படகுக்காரருக்கும் மனம் வரவில்லை. ஆற்று வளைவைத் தாண்டியதும் தண்ணீரில் கொட்டிவிடுவாராம். டின் திரும்பி வரும்போது அப்பா துறையிலேயே அதை வாங்கி, வெறுமையாகக் கொடுக்கக்கூடாதே என்று உள்ளே கல்லைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாவம், மாமா கல் அனுப்புகிறார் என்று தெரியுமே தவிர, அந்தக் கல் எப்படி இருக்கும் என்று அப்பா ஒருநாளும் பார்த்ததில்லை. விடியுமுன்னே காட்டுக்குப் போய்விட்டு வருகிற மனிதருக்குப் பிள்ளைகளின் கல்லைப் பார்க்க ஏது நேரம்?

டின்னைத் திறந்தவள் நான்தான். உள்ளே இலை இல்லை. சிவப்புச் சரளைக் கற்கள், தோட்டத்து ரோட்டில் கிடக்கிற மாதிரியே சொரசொரவென்று. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இது ரோட்டுக் கல், மாமா என்னை ஏமாற்றிவிட்டார் என்று கத்தி டின்னைத் தரையில் கவிழ்த்தேன்.

அத்தை குனிய முடியாமல் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். வழக்கம்போலக் கன்னத்தில் வைக்கவில்லை. கட்டைவிரலால் தேய்த்தாள். செம்மண் விரலில் ஒட்டியது. தலையை உயர்த்தி வாசலைப் பார்த்தாள். அப்பா அங்கே உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கல் விழுந்த சத்தத்துக்குக்கூட அவர் நிமிரவில்லை. அத்தை வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அருவில தண்ணி வத்திப்போயிருக்கும்டி. மாமா என்ன பண்ணுவாரு, கெடச்சதப் பொறுக்கிப் போட்டிருக்காரு."

அந்த வாரம் முழுக்க மழை. லயத்து வாசலெல்லாம் சேறு, துணி காயவில்லை, ஆறு துறைப்படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அருவி எப்படி வற்றும்? பெரியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அத்தை கட்சி மாறினாள். அம்மா சொன்னதுதான் சரி, வயிற்றுப்பிள்ளைக்காரி ஆற்றில் போகக்கூடாது, பெருக்கை நம் துறையிலேயே கொண்டாடிக்கொள்வோம் என்றாள். அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். நான் புரண்டு அழுதேன். மற்றவர்கள் செய்ததைப் பொறுத்துக்கொள்வேன், அத்தையே கைவிட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள்தான் வந்து, அடுத்த வருஷம் போகலாம் என்று சமாதானம் செய்தாள். மறுபடியும் கரிக்கட்டியால் படகு வரைந்தோம். மாமாவுக்கு இடமே வைக்கவில்லையே, திரும்பி வரும்போது அவர் எங்கே உட்காருவார் என்று கேட்டேன். அவர்தான் அங்கேயே இருக்கிறாரே என்றாள் அத்தை. கரிக்கட்டி அவள் கையிலேயே பொடிந்துபோனது.

டின் வாராவாரம் போயிற்று. முறுக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. ரோட்டுக் கல்லும் வாராவாரம் வந்தது. அப்பா கொடுக்க, அத்தை இரு கையாலும் வாங்கிக்கொள்வாள்.

ஆடிப்பெருக்கு அன்று மூன்று சோறும் கட்டிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் துறைக்குப் போனோம். அத்தை தயிர்ச்சோறும் கட்டியிருந்தாள். போனதும் போகாததுமாக அவள் சேலையோடு படியிறங்கிப் போய்த் தலை மூழ்கினாள். மூன்று முக்கு. முதலை இருக்கிற ஆறு, நிறைமாதம் நெருங்கிய உடம்பு என்று அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கண்ணி. அங்கேருந்து வர்ற தண்ணிதானே."

அம்மாதான் புதுக் கயிற்றைக் கட்ட வேண்டியவள், மூத்த சுமங்கலி. மஞ்சள் பூசிய கயிறு அவள் கையிலிருந்து இரண்டு தரம் நழுவியது. முடிச்சு விழவில்லை. அத்தை கையைப் பின்னால் கொண்டுபோய் அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு முடிச்சுக்கு வழிகாட்டினாள். ஒரு முடிச்சுப் போட இத்தனை பாடா என்று எனக்குப் பசியில் எரிச்சல். அப்பா எங்கள் பக்கம் திரும்பாமல் தூரத்தில் நின்று சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்தார். பழைய கயிற்றை அத்தை தண்ணீரில் விட்டாள். விட்டாள் என்றா சொல்வது, ஆறுதான் அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. தயிர்ச்சோற்றை யாரும் தொடவில்லை. நான் மட்டும் வயிறு முட்டத் தின்றேன்.

புரட்டாசியில் பையன் பிறந்தான். நல்ல குரல், லயமே கேட்டது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று மருத்துவச்சி வந்து சொன்னதும், அப்பா வாசல்படியில் உட்கார்ந்தார். உள்ளே போக எழுவார், மறுபடியும் உட்காருவார். கடைசியில் போய்க் கதவோரம் நின்றார். நான் தம்பியைப் பார்க்கும் ஆசையில் அவர் காலிடுக்கில் நுழைந்து நின்றேன். அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்து, தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தை பிள்ளையை மார்பில் போட்டபடியே அவரைப் பார்த்தாள். அவள் கழுத்தில் கயிறு இல்லை. சுருட்டித் தலைமாட்டில் அந்த பிஸ்கோத்து டின்மேல் வைத்திருந்தாள்.

"சொல்ல வேணாண்ணே. எல்லாம் ரோட்டுக் கல்லு. அன்னிக்கே தெரியும்."

அப்பா அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதற்கு முன் என் அப்பா அழுது நான் பார்த்ததேயில்லை. எங்கே புதைத்தார்கள் என்று அத்தை மெதுவாகக் கேட்டாள். அது என் காதில் விழுந்தது, ஆனால் எதைப் பற்றி என்று நான் யோசிக்கவில்லை. என் மனம் முழுக்க வேறு ஒன்று நிறைந்திருந்தது. எனக்கு வரவேண்டிய நல்ல கற்களையெல்லாம் அப்பா எங்கோ ஒளித்து வைத்துவிட்டு ரோட்டுக் கல்லைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார், அதை அத்தை இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். பிள்ளை பெற்ற களைப்பிலும் எனக்காக நியாயம் கேட்கிறாளே என்று பூரித்துப்போய், நான் ஓடிப்போய் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டேன்.