பாக்கி 0.00

நான்கு வருடம் இருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில் கவுண்டரில், ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிவாக்கில் நடந்தது. நான் அங்கே நோயாளியும் இல்லை, நோயாளிக்குத் துணையும் இல்லை. அந்தக் கவுண்டரில் ஓடுகிற பில் போடும் புரோகிராமை எழுதியவள்.

எங்களுடையது ஏழு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் ரொக்கம் மட்டும்தான். போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் வசதியை அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்த்திருந்தோம். யாருக்காவது சந்தேகம் வந்தால் சொல்லிக்கொடுக்கலாம் என்று கவுண்டருக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சந்தேகம் வரலாம், தப்பு வராது என்று நினைத்தேன். அவ்வளவு கர்வம் எனக்கு.

பில் போடுகிற அக்கா சாலைக் கடைத்தெருப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். பேச்சில் மலையாளம் கலக்கும், நிதானமான மனுஷி. அவர் முன்னால் வந்து நின்றவர் ஒரு பெயின்டர். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். மனைவிக்கு அன்று காலையில்தான் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. முன்பே எடுத்து வைத்திருந்த ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு பை உடனே வேண்டுமாம்.

அந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டியதும் பிரின்டரில் ஒரு சீட்டு வரும். அதைக் காட்டினால்தான் பின்கட்டிடத்து ரத்த வங்கியில் பை கொடுப்பார்கள். பாக்கி பூஜ்யமானால் மட்டுமே சீட்டு வரவேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. நானும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தேன்.

பெயின்டர் ஸ்கேன் செய்தார். பைசா சுத்தமாகப் பணம் வந்து சேர்ந்தது. திரையில் 'பாக்கி 0.00' என்று பளிச்சென்று தெரிந்தது. சீட்டு மட்டும் வரவில்லை.

"பிரின்டர் பிரச்சினையா இருக்கும்க்கா" என்றேன். ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன். பேப்பரை மாற்றினேன். வரவில்லை. "நீங்க ஏதோ மாத்தி அடிச்சிருக்கீங்க, மறுபடி பாருங்க" என்று அக்காவிடம் சொன்னேன். பாவம், அவர் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்.

"மோளே, ரெண்டு தரம் பாத்தாச்சு. தப்பு என் கையில இல்ல கேட்டோ."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்து "ப்ளட் கிட்டியோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். பெயின்டர் கண்ணாடித் தடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"யக்கா, முழுசும் கட்டியாச்சுல்லா? உள்ள டாக்டரம்மா கேட்டுக்கிட்டே இருக்காவ. இன்னும் ரூவா வேணும்னா சொல்லுங்க, தாரேன்."

சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து உள்ளே தள்ளினார். அக்கா அதையும் வரவு வைத்துப் பார்த்தார். 'அதிகத் தொகை, திருப்பித் தரவும்' என்றது திரை. சீட்டு அப்போதும் வரவில்லை. குறைந்தாலும் கிடையாது, கூடினாலும் கிடையாது. அந்தப் பில்லை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றால் அதற்கு மேனேஜரின் பாஸ்வேர்டு வேண்டும். அந்தப் பூட்டைப் போட்டதும் நான்தான். மேனேஜரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிடம் போயிருந்தது. ஒரு பெண் உள்ளே ரத்தம் இழந்துகொண்டிருக்கிறாள், நான் இங்கே பிரின்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா சட்டென்று எழுந்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். நோயாளியின் பெயர், வார்டு நம்பர், ரத்த வகை, இரண்டு பை, பணம் வந்தாயிற்று என்று மடமடவென எழுதிக் கையெழுத்துப் போட்டு, கவுண்டர் முத்திரையைக் குத்திக்கொண்டு ஓடினார். அவர் பின்னால் பெயின்டர். உட்கார முடியாமல் நானும் ஓடினேன்.

ரத்த வங்கி ஜன்னலில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரின்ட் ஆன சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் விதி.

"பிரின்ட் பின்ன வரும். நான் எழுதி ஒப்பு போட்டிருக்கேன், பாத்தியா? போனா என் ஜோலி போகட்டும். நீ பேகை எடு" என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. அந்த ஆள் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து போய், எடுக்க வேண்டிய பைதானா என்று சரிபார்த்து, இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார்.

கவுண்டருக்குத் திரும்பி வந்து, நான் எழுதியதைத் திறந்து பார்த்தேன். இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்தப் பில்லில் ஏழரை சதவீதத் தள்ளுபடி இருந்தது. அதைக் கழித்தபோது பைசாவுக்குக் கீழேயும் ஒரு துணுக்கு மிஞ்சியிருக்கிறது. முன்பெல்லாம் புரோகிராமில் தொகையை முழு ரூபாயாக்கும் ஒரு வரி இருந்தது. போனில்தான் பைசா வரைக்கும் கட்டலாமே என்று புத்திசாலித்தனமாக அந்த வரியை நான் நீக்கியிருந்தேன். பைசாவோடு நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. திரை இரண்டு இலக்கம் மட்டும் காட்டியதால் எங்கள் கண்ணுக்குப் பூஜ்யம். கணக்குக்குள்ளே பாக்கி ஒரு பைசாவில் பாதிகூட இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. யாராலும் கட்டவே முடியாத ஒரு பாக்கிக்காக அந்த மனிதரை நிறுத்தி வைத்திருந்தேன்.

மதியம் மேனேஜர் அந்தக் கையெழுத்துத் தாளோடு வந்து அக்காவிடம் விளக்கம் கேட்டார். எங்கள் முதலாளியோ போனில், நெட்வொர்க் கோளாறு என்று சொல்லிச் சமாளி என்றார். என்னால் முடியவில்லை. தப்பு என்னுடையது, இவர் எழுதியிருக்காவிட்டால் ரத்தம் கிடைத்திருக்காது என்று மேனேஜரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அக்காவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள், திருத்திய புரோகிராமைப் போட்டுவிட்டு வெளியே வருகிறேன், வராந்தாவில் அந்தப் பெயின்டர். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

"அன்னைக்கு எனக்காக நீங்க அந்த மிஷினோட மல்லுக்கட்டுனத பாத்துக்கிட்டேதான் நின்னேன். நல்லா இருப்பீய."

மேனேஜரிடம் சொன்ன உண்மையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெண் குழந்தை, நன்றாகப் பால் குடிக்கிறாள் என்றார். அதன்பிறகு எத்தனையோ பிழைகளைத் தேடிப்பிடித்துத் திருத்தியிருக்கிறேன். பேசாமல் நின்று அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேனே, அதை மட்டும் இன்றுவரை என்னால் திருத்த முடியவில்லை.