தாஜுன்னிசா தைத்த படை

கோட்டைமேட்டுத் தாஜுன்னிசாவுக்குத் தலாக் ஆன வாரம், துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவளேதான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் அழுத அழுகையில், யாராவது செத்துத்தான் போனார்களோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அரிசி மண்டியில் எடை போடும் கரீமோடு ஆறு வருஷம் குடித்தனம் செய்தாள். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. வருவான், சாப்பிடுவான், நாடகம் பார்க்கப் போய்விடுவான். பிள்ளை இல்லையென்று அவன் அம்மா அவளை அரித்தெடுத்தபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பள்ளிவாசல் ஜமாத்தார் முன்னால் நின்று, பிரிவதற்கான காரணத்தைக் கால்மணி நேரம் சொன்னான். அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டது அன்றைக்குத்தான்.

தலாக்குக்குப் பிறகு வெளியே போகாமல் காத்திருக்க வேண்டிய இத்தா காலத்தை அண்ணன் வீட்டில் கழித்தாள். அண்ணன் மனைவி மெஹராஜ் தங்கமானவள். ஆனால் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டாள். வெங்காயம் உரிக்கக்கூட விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் அழுகிறாளோ என்று பயமாம். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தாஜுன்னிசாவுக்குத் தலாக்கைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

இத்தா முடிந்த சமயத்தில் ஊருக்கு வெளியே ஒரு சினிமா ஸ்டுடியோ வந்தது. உடுப்புத் தைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டவுடன், போய் வருகிறேன் என்றாள். அண்ணன் விடமாட்டேனென்று நின்றான். பெண்கள் தனிக் கொட்டகையில்தான் தைக்கிறார்கள் என்று மெஹராஜ் விசாரித்து வந்து சொன்ன பிறகுதான் இறங்கிவந்தான்.

உடுப்புகளுக்குப் பொறுப்பாளர் வரதராஜுலு. அவர் கொடுத்த முதல் வேலை, ராஜாவின் படைக்கு அங்கி. நீலத்துணி மலைபோலக் குவிந்திருந்தது. தைக்கத் தைக்க அவள் முதுகு நிமிர்ந்தது. மத்தியானம் மற்றப் பெண்களோடு சிரித்துப் பேசிச் சாப்பிட்டாள்.

படம் பிடிக்கும் நாளன்று, அங்கியில் பொத்தான் ஏறாத ஒரு வீரனை வரதராஜுலு அவளிடம் அனுப்பினார். கையில் தகரக் கேடயம், ஒட்டு மீசை, முன்னால் தள்ளிய தொப்பை. கரீம்.

அவள் அங்கியைக் கழற்றித் தரச் சொல்லி, பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். அவன் பனியனோடு நின்றபடி, கேடயத்தால் தொப்பையை மறைத்துக்கொண்டு பேசத் தொடங்கினான். ராஜா வேஷம் கேட்டு வந்தவனுக்கு, மூன்றாம் வரிசையில் சாகிற வேஷம் கிடைத்ததாம். நேற்று ஒத்திகையில் சீக்கிரம் செத்துவிட்டான் என்று திட்டு வாங்கினானாம். தாஜுன்னிசாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான், ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

அங்கியை வாங்கிக்கொண்டும் அவன் நகரவில்லை.

"தாஜு, ஒரு தடவ சொன்ன தலாக்தானே, மறுபடி நிக்கா பண்ணிக்கலாமா? அம்மாகிட்ட நானே பேசறேன்."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். கோபம் வருமா என்று பார்த்தாள்; வரவில்லை.

"ஏனுங்க, ஆறு வருஷத்துல நீங்க எங்கிட்ட இத்தன பேசுனதில்லீங்க. கட்டிக்கிட்டா மறுபடி வாய மூடிக்குவீங்க. எனக்கு இங்க நல்லா இருக்குதுங்க. நீங்களும் நல்லா இருங்க."

அவன் அது சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுச் சாகப் போனான்.

அடுத்த வருஷம் தாஜுன்னிசா கணபதி என்ற பகுதியில் ஒரு அறை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாகத் தையல் மிஷின் போட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வந்தார்கள். அப்படி ஒருநாள் வந்தவள் சாந்தமான முகமுள்ள ஒரு விதவை. தனக்கு மறுமணம் நிச்சயமாகியிருக்கிறது, மாப்பிள்ளை அரிசி மண்டிக் கரீம் என்றாள். யாரிடம் வந்திருக்கிறோம் என்று தெரிந்துதான் வந்திருந்தாள்.

அளவெடுத்து முடியும்வரை தயங்கிவிட்டு, மெல்லக் கேட்டாள்:

"அவரு எப்படிங்க?"

தாஜுன்னிசா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

"நல்ல மனுசந்தானுங்க. தானாப் பேச மாட்டாரு. நாடகத்துக்குப் போறப்ப நீங்களும் கூடக் கெளம்பிருங்க. வழியில பேச்சு வரும்."

அந்தப் பெண் முகம் மலர்ந்து, ரவிக்கைக் கைக்குச் சரிகை வைக்க முடியுமா என்று கேட்டாள்.