சேவ் என்று நினைத்து சப்மிட்

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை, நம்மை நாமே புகழ்ந்து எழுத ஒரு படிவம் வரும். கம்ப்யூட்டரிலேயே நிரப்ப வேண்டும். கடைசிக் கேள்வி: ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்? நாலு வருடமாக நான் ஒரே பதிலை நகலெடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். 'தலைமைப் பொறுப்பில்.'

இந்த வருடம் மேனேஜர் பதவி நிஜமாகவே காலியாக இருந்தது. வரிசையில் முதல் ஆள் நான். வயது நாற்பத்தேழு, இருபது வருடமாக சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற டெஸ்டிங் வேலை. இப்போது விட்டால் இனி எப்போதும் இல்லை என்று வீட்டில் ஆரம்பித்து ஓசூரில் இருக்கிற மச்சான் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

படிவத்தை நிரப்ப உட்கார்ந்த அன்று, மதியத் தயிர்சாதம் கொடுத்த தைரியத்தில், வேடிக்கைக்காக வேறு பதில் ஒன்றை அடித்துப் பார்த்தேன். 'மேனேஜராக இல்லை. எல்லாரும் தொடப் பயப்படுகிற ஒரு அப்ளிகேஷனை, தப்பு தேடி உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருப்பேன். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போவேன்.' படித்துச் சிரித்துவிட்டு, சாயங்காலம் திருத்திக்கொள்ளலாம் என்று சேவ் பட்டனை அழுத்தினேன். அழுத்தியது சப்மிட்.

பட்டன்களைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

எச்.ஆர். பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். "திரும்ப வாங்க முடியுமாம்மா?"

"சப்மிட் ஆயிட்டா மேல போயிடும் சார்."

"மேலன்னா?"

"மேலதான் சார்."

அடுத்த இரண்டு நாளும் டைரக்டர் கண்ணில் படாமல் இருப்பதே என் முழுநேர வேலை. லிஃப்டில் வந்துவிடுவாரோ என்று ஆறு மாடி படி ஏறினேன். கேன்டீனில் அவர் தலை தெரிந்ததும் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். பதவி போனால் பரவாயில்லை, ஆசை இல்லாத ஆளுக்குச் சம்பளம் எதற்கு என்று வேலையையே பிடுங்கிவிட்டால்?

மனைவியிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஏங்க, எழுதினது பொய்யா?"

"பொய் இல்ல. அதான் பிரச்சனை."

"நாலு வருஷமா எழுதினது?"

நான் எழுந்து போய் ஃபேனைப் போட்டேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை டைரக்டர் கூப்பிட்டார். மைசூர்க்காரர், என்னைவிட ஆறு வயது சின்னவர். அவருடைய தமிழில் கன்னடம் தாராளமாகக் கலந்திருக்கும்; யாரைப் பார்த்தாலும் 'குரு', 'மாராயா'தான். மூன்று பொய் தயார் செய்து வைத்திருந்தேன். பூனை கீபோர்டில் நடந்தது அதில் ஒன்று. எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

"உக்காரு குரு. இது ஜோக்கா, நிஜமா?"

ஜோக் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி இன்னும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். "நிஜம்தான் சார்" என்று வந்தது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பத்து ஃபார்ம் படிச்சேன். அஞ்சு வருஷத்துல ஒன்பது பேரு என் சீட்ல உக்காந்திருக்காங்க. நான் எங்க போய் உக்கார்றது?"

"அப்போ என் வேலை?"

"சும்மா இரு மாராயா, வேலைக்கு என்ன. நீ கேட்டிருந்தா போஸ்ட் குடுத்திருப்பேன். நீ தினம் அழுதிருப்ப, அந்த அழுகைய நான் தினம் கேட்டிருப்பேன்."

பதவி என் பக்கத்து மேஜைக்காரிக்குப் போனது. என்னைவிடப் பத்து வயது சின்னவள், நிஜமாகவே அதை விரும்புகிறவள். வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது நாலாவது பொய். காபி மெஷின் பக்கம் போய், ஒரு கப் தீரும்வரை எரிந்தேன். இரண்டாவது கப் தேவைப்படவில்லை. அதற்குள் ஆம்புலன்ஸ் கூப்பிடும் ஆப் ஒன்றைச் சோதிக்கும் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தேன். நோயாளி ஒரு தெருவில் இருக்க, வண்டியைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்புகிற ஆப். மூன்று டீம் கைவிட்டது. அதைச் சரி செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு வந்த வெறி, மேனேஜர் பதவிக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆசைப்படுவது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான்தான் இத்தனை நாள் அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்று புலம்பியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நான் இறங்க வேண்டியது பொம்மனஹள்ளி. கண்ணைத் திறந்தால் அதைத் தாண்டி மடிவாளா.

மனைவி ஃபோனில் கேட்டாள். "எங்க இருக்கீங்க? ட்ராஃபிக்கா?"

"இல்ல. தூங்கிட்டேன்."

"பஸ்லயா? நீங்களா?" இத்தனை நாளாக ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் நான் புரண்டதைப் பார்த்தவள் அவள். "சரி, மெதுவா வாங்க. எதிர்ப்பக்கம் பஸ் பிடிங்க. அதுல தூங்காதீங்க."